நீரிழிவும் நெசவாளரும்: வீடு தேடி வரும் தொண்டரும் கைபேசியும்

கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கேடுகளில் நூலும் துணியும் பணமும் மட்டுமே இடம் பெறுகின்றன என்று நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். அங்கத்தினரின் உடல்நிலையும் அவற்றில் பதிந்து கிடக்கிறது என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நெசவாளர் சங்கத்தில்தான் கற்றுக்கொண்டோம்.

நமது சரகத்தைச் சேர்ந்த அச்சங்கத்தில் ஆய்வு நடத்தியபோது, அங்கத்தினர் ஒருவரின் உற்பத்தி படிப்படியாகக் குறைந்து வந்திருப்பதைக் கூலிப் பதிவேட்டில் கண்டோம். ஒரு பாவை 25 நாட்களில் நெய்து கொடுத்து வந்தவர், பின்னர் 30 நாட்கள், அதன்பின் 35 நாட்கள், கடைசியாக 45 நாட்கள் எடுத்துக்கொண்டிருந்தார். தனியார் வியாபாரிக்கு நெய்கிறாரோ என்ற ஐயம் நமக்கு எழுந்தது. இத்தகைய ஐயம் எழுவதற்கே நமக்குப் பயிற்சி அளித்திருக்கிறார்கள். "உற்பத்தி குறைவு, விளக்கம் பெறுக" என்று குறிப்பெழுதி, அடுத்த ஏட்டைப் புரட்டினோம்.

பத்து நாட்களுக்குப் பின் அவர் நேரிலேயே வந்தார். வலது காலில் பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தது. எட்டு ஆண்டுகளாக அவருக்கு நீரிழிவு. தறியின் மிதிகட்டையில் பிளவுபட்டிருந்த மரச் சிலாம்பு ஒன்று உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. எப்போது ஏறியது என்பது அவருக்கே தெரியவில்லை. "வலித்திருந்தால் அன்றைக்கே பார்த்திருப்பேன், ஐயா. வலிக்கவே இல்லை" என்றார். ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

அவருடைய மகன் வெளியூரில் வேலை பார்ப்பவர்; தந்தைக்கு ஒரு நல்ல கைபேசி வாங்கிக் கொடுத்து, நீரிழிவுக்கென்று ஒரு செயலியையும் அதில் ஏற்றிக் கொடுத்திருந்தார். காலையும் இரவும் மணியடித்து, "மாத்திரை உண்டீர்களா?" என்று அது வினவும். அதில் பதிவாகியிருந்த கணக்கைப் பார்த்தோம். ஒரு நாள் தவறாமல் "ஆம்" என்றே இருந்தது. ஆனால் மாத்திரை அட்டைகளோ பாதிக்கு மேல் பிரிக்கப்படாமல் மாடத்தில் கிடந்தன. மணியோசையை நிறுத்துவதற்காகப் பேரப்பிள்ளை நாள்தோறும் "ஆம்" என்பதை அழுத்தி வந்திருக்கிறான். ஏட்டில் இருப்பு சரியாகவும் கிடங்கில் சரக்கு வேறாகவும் இருக்கும் நிலையை நாம் எத்தனையோ சங்கங்களில் பார்த்ததுண்டு. ஒரு மனிதரின் உடம்பு சம்பந்தமாக அதை அன்றுதான் பார்த்தோம்.

அந்நிகழ்ச்சிக்குப் பின் இவ்விஷயத்தைப் பற்றிப் படித்தும், அறிந்தவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துக் கூறுவது கடமை எனக் கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நீரிழிவு இன்று செல்வந்தர் நோயன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் 2008 முதல் 2020 வரை நாடெங்கும் 1,13,000க்கும் மேற்பட்டோரைச் சோதித்து நடத்தப்பெற்ற பேராய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. இந்நாட்டில் சுமார் 10 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்கின்றனர் என்றும், மேலும் 13 கோடிக்கு அதிகமானோர் அதன் வாயிலில் நிற்கின்றனர் என்றும் அது மதிப்பிட்டது. தறிக்குழியில் கால் வைத்து நாள் முழுவதும் ஓரிடத்தில் அமர்ந்து, இடையிடையே சர்க்கரையிட்ட தேநீர் பருகி, மூன்று வேளையும் அரிசிச் சோறு உண்ணும் நெசவாளர் இக்கணக்குக்குப் புறம்பானவர் அல்லர். டிராக்டரும் மின் மோட்டாரும் வந்தபின் பயிர்த்தொழில் செய்வோரின் உடலுழைப்பும் முன்போல் இல்லை.

இந்நோயில் மருத்துவரின் பங்கு சிறிது; நோயாளியின் பங்கே பெரிது. மாதம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று டாக்டரிடம் ஐந்து நிமிடம் பேசுபவர், ஆண்டு முழுவதும் சேர்த்து ஒரு மணி நேரமே வைத்தியத்தில் செலவிடுகிறார். மற்ற நேரமெல்லாம் அவரே அவருக்கு வைத்தியர். உணவின் அளவு, மாத்திரையின் வேளை, நடை, காலின் பாதுகாப்பு, சர்க்கரைச் சோதனை ஆகிய இவை யாவும் வீட்டிலேயே நடைபெற வேண்டியவை. அதற்குத் துணை செய்ய இன்று இரண்டு சாதனங்கள் நம்மிடம் உள்ளன. ஒன்று, வீடு தேடி வரும் சுகாதாரத் தொண்டர். மற்றொன்று, கைபேசி.

தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற "மக்களைத் தேடி மருத்துவம்" என்னும் திட்டத்தை நம் வாசகர் அறிவர். பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளக்கும் கருவிகளுடன் இல்லந்தோறும் சென்று, ஏற்கெனவே நோய் கண்டறியப்பட்டவர்களுக்கு மாத்திரைகளை வீட்டிலேயே வழங்கும் ஏற்பாடு இது. இத்தன்னார்வலர்கள் மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டவர்கள். ஐக்கிய நாடுகள் சபையின் தொற்றா நோய்த் தடுப்புக்கான பணிக்குழு 2024இல் இத்திட்டத்திற்கு விருதளித்தது. சுயஉதவிக் குழு என்பது கூட்டுறவுக்கு உடன்பிறப்பு. ஆகவே இப்பெண்மணிகள் நமக்கு அந்நியர் அல்லர்.

நாம் குறிப்பிட்ட நெசவாளரின் வீட்டிற்கு இப்போது அத்தகைய ஒரு தன்னார்வலர் வருகிறார். ஒருநாள் நாமும் உடனிருந்தோம். வந்ததும் கருவியை எடுக்கவில்லை. "மாமா, அட்டையை எடுங்க" என்றார். எஞ்சியிருந்த மாத்திரைகளை எண்ணினார். கொடுத்தது 60, கழிந்த நாட்கள் 22, நாளொன்றுக்கு இரண்டு, எஞ்சியிருக்க வேண்டியவை 16, இருந்தவை 19. "எந்த மூணு வேளை விட்டீங்க?" என்று கேட்டார். உறவினர் வீட்டுத் திருமணத்துக்குச் சென்ற கதை வெளிவந்தது. இருப்புச் சரிபார்ப்பை இவ்வளவு சுருக்கமாகவும் மனம் நோகாமலும் நம் இலாகாவில் எவரும் செய்து நாம் பார்த்ததில்லை. பின்னர் இரு உள்ளங்கால்களையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். விரலிடுக்குகளைப் பிரித்துப் பார்த்தார். அதன் பின்னரே சர்க்கரையை அளந்து, எண்ணைத் தம் கைபேசியில் பதிந்தார்.

காலைப் பற்றி இங்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நெடுநாள் உயர்ந்து நிற்கும் சர்க்கரை, நரம்பு நுனிகளை மழுங்கச் செய்கிறது. நடையில் மிக நீண்டு செல்லும் நரம்புகள் பாதத்துக்குச் செல்வனவாதலால் உணர்ச்சி முதலில் அங்கேதான் குன்றுகிறது. அதனோடு இரத்த ஓட்டமும் குறையுமானால் சிறு புண்ணும் ஆறுவதில்லை. குழித்தறியில் கால்கள் தரைமட்டத்துக்குக் கீழே, ஈரமும் இருளும் உள்ள இடத்தில், நாளெல்லாம் மிதிகட்டையை அழுத்திக்கொண்டிருக்கின்றன. நெய்பவருடைய கண் பாவின் மீதும் நாடாவின் மீதும் இருக்கும். காலின் மீது இராது. வயலில் வெறுங்காலுடன் சேற்றில் இறங்குபவரின் நிலையும் ஏறக்குறைய இதுவே. ஆகவே நீரிழிவுள்ளவர் தினமும் இரவு உள்ளங்காலைக் கண்ணாடியிலோ வீட்டாரைக் கொண்டோ பார்த்துக்கொள்ள வேண்டும். தறியில் அமரும்போது மெல்லிய காலணி அணியலாம். அல்லது மிதிகட்டையைத் துணி சுற்றி மழுப்பிக்கொள்ளலாம். கொப்புளமோ, நிறமாற்றமோ, வலியில்லாத புண்ணோ கண்டால் அன்றே சுகாதார நிலையம் செல்ல வேண்டும். வலியில்லை என்பதே ஆபத்தின் அடையாளம். நாம் அறிந்த வரையில் கைபேசி எதுவும் காலைத் தானாகத் திருப்பிப் பார்ப்பதில்லை.

இதனால் கைபேசி வீண் என்று சொல்ல வரவில்லை. சென்னையைச் சேர்ந்த டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இதற்குச் சான்று. நீரிழிவின் வாயிலில் நின்ற, வேலைக்குச் செல்லும் ஆண்கள் 537 பேரைத் தேர்ந்து, எல்லோருக்கும் தொடக்கத்தில் நேரில் அறிவுரை வழங்கினர். அவர்களில் ஒரு பாதியினருக்கு மட்டும் உணவையும் உடற்பயிற்சியையும் பற்றிய குறுஞ்செய்திகளை இரண்டாண்டுகள் அனுப்பி வந்தனர். செய்தி பெறாதோரில் நூற்றுக்கு 27 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். பெற்றோரில் 18 பேரே ஆளாயினர். செலவோ அற்பம். படங்களும் வண்ணங்களும் நிறைந்த செயலிகூட அங்குத் தேவைப்படவில்லை.

எனினும் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நாம் நேர்மையான தணிக்கையாளர் ஆக மாட்டோம். அரியானா, கர்நாடக மாநிலங்களில் 40 சமுதாய சுகாதார நிலையங்களில் செவிலியர் கையில் பலகைக் கணினி கொடுத்து, நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையோரின் சிகிச்சையை அதன்வழி நடத்திப் பார்த்தனர். முடிவு 2019இல் வெளிவந்தது. கருவி இருந்த நிலையங்களுக்கும் அஃது இல்லாமல் பயிற்சி மட்டும் பெற்ற நிலையங்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இதற்கு மாறாக, இந்தியாவிலும் பாகிஸ்தானிலுமாகப் பத்து மருத்துவ மனைகளில் 1,146 நீரிழிவு நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2016இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், கணினியோடு கூட நோயாளியைத் தொடர்ந்து கவனித்து வரும் ஒருங்கிணைப்பாளர் ஒருவரையும் அமர்த்தினர். அவர் டாக்டர் அல்லர். அங்கே சர்க்கரையோடு இரத்த அழுத்தத்தையோ கொழுப்பையோ சேர்த்துக் கட்டுக்குள் கொண்டுவந்தோர் தொகை, வழக்கமான சிகிச்சை பெற்றோரின் தொகையைப்போல் இரு மடங்குக்கு மேல் இருந்தது.

நம்மை மிகவும் சிந்திக்கச் செய்தது வங்காள தேசத்துப் பரீத்பூர் மாவட்டத்தில் நடைபெற்று, 2019இல் வெளிவந்த ஆய்வேயாகும். 96 கிராமங்களை மூன்றாகப் பகுத்தனர். ஒரு பகுதியில் கைபேசிக்குக் குரல்வழிச் செய்திகள் அனுப்பினர். மற்றொரு பகுதியில் ஊரார் மாதந்தோறும் கூடி, உள்ளூரைச் சேர்ந்த ஒருவர் வழிநடத்த, தங்கள் ஊரில் நீரிழிவு ஏன் பெருகுகிறது, என்ன செய்யலாம் என்று தாங்களே ஆராய்ந்து, தாங்களே திட்டமிட்டுச் செயற்பட்டனர். மூன்றாவது பகுதி எப்போதும்போல் இருந்தது. செய்தி பெற்றவர்களுக்கு நோயைப் பற்றிய அறிவு வளர்ந்தது. ஆனால் நோய் குறையவில்லை. கூடிப் பேசிய கிராமங்களிலோ, நீரிழிவும் அதன் முன்நிலையும் உடையோரின் விகிதம் எப்போதும்போல் இருந்த கிராமங்களைவிட நூற்றுக்கு 20 அளவுக்குக் குறைந்து காணப்பட்டது.

சென்னைக் குழுவினரின் ஆய்வில் பயன் தந்த செய்தி பரீத்பூரில் ஏன் தரவில்லை என்று வாசகர் கேட்கலாம். சென்னைக் குழுவினரின் ஆய்வில், நோயின் வாயிலில் இருப்பதாகச் சோதித்துச் சொல்லப்பட்டவர்களுக்கு, நேரில் அறிவுரை கூறியபின் செய்தி சென்றது. பரீத்பூரிலோ ஊரில் எல்லோருக்கும் பொதுவாகச் சென்றது. இதுவே காரணமாகலாம் என்பது நம் அபிப்பிராயம். தன் பெயருக்கு வரும் கடிதத்துக்கும் சுவரில் ஒட்டிய அறிக்கைக்கும் உள்ள வேறுபாடுதான் அது.

மாதந்தோறும் கூடுவதும், தங்கள் தொல்லையைத் தாங்களே ஆராய்வதும் நமக்குப் புதியனவா? நம் சங்கங்களின் துணைவிதிகள் அனைத்தும் அதைத்தானே கூறுகின்றன! நெசவாளர் சங்கத்தில் பாவு வாங்கவும் துணி ஒப்படைக்கவும் அங்கத்தினர் குறித்த நாளில் வந்தே தீர வேண்டும். பால் சங்கத்திலோ காலையும் மாலையும் வருகின்றனர். ஒருவரை ஓரிடத்தில் மீண்டும் மீண்டும் வரவழைப்பதுதான் சுகாதார இலாகாவுக்கு மிகக் கடினமான வேலை. அது நம்மிடம் செலவின்றிக் கிடக்கிறது.

இனி, நோயாளி தானே வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கைப் பற்றிச் சில சொற்கள். விரல் நுனியில் துளி இரத்தம் எடுத்துப் பார்க்கும் சர்க்கரை அளவு, ஆய்வு நாளன்று பெட்டியில் உள்ள ரொக்கத்தைப் போன்றது. அந்த நேரத்து நிலையை மட்டுமே காட்டும். ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்து பக்கத்துக் கடையில் கைமாற்று வாங்கிப் பெட்டியை நிரப்பும் செயலாளர்களைப் போல, சோதனைக்கு முந்தின இரண்டு நாட்கள் மட்டும் பத்தியம் இருந்து நல்ல எண்ணைக் காட்டுவோர் உண்டு. எச்.பி.ஏ.1.சி. என்னும் சோதனையிடம் இந்த வித்தை பலிக்காது. இரத்தச் சிவப்பணுக்கள் சுமார் 120 நாட்கள் உயிர்வாழ்கின்றன. அவற்றில் படிந்த சர்க்கரையைக் கொண்டு, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியை அச்சோதனை காட்டிவிடுகிறது. பெரும்பாலோருக்கு அது 7 விழுக்காட்டுக்குக் குறைவாக இருப்பது நலம். முதியோருக்கும் வேறு நோயுடையோருக்கும் டாக்டர் வேறு எல்லை குறிக்கலாம்.

செயலி வைத்திருப்பவர் அதில் இவ்வெண்களைத் தேதியுடன் பதிந்து வரலாம். கைபேசி பழக்கமில்லாதவர் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதினாலும் போதும். எதில் எழுதினாலும் அதைத் தொண்டரும் டாக்டரும் பார்க்க வேண்டும். பிறர் பார்க்காத கணக்கு நாளடைவில் பொய்க்கணக்கு ஆகிவிடுகிறது என்பது நம் தொழில் அனுபவம். பேரப்பிள்ளையின் "ஆம்" நினைவிருக்கட்டும்.

எழுதப்படாமல் விடுபடுவது பெரும்பாலும் தாழ்ந்த எண்தான். இன்சுலினோ, சிலவகை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு, பாவு முடியும் அவசரத்தில் காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடும் நெசவாளருக்கு உடல் வியர்த்துக் கை நடுங்கும்; கண் இருளும். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கியதன் அறிகுறி இது. உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து பருகி, கால் மணி நேரம் கழித்து மீண்டும் பார்த்து, பின்னர் உணவு உண்ண வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. ஆஸ்பத்திரிக்கே கொண்டு செல்ல வேண்டும். தறியின் அருகில் ஒரு சிறு பொட்டலம் சர்க்கரை இருப்பது நீரிழிவுள்ளவருக்கு முரண்பாடு போலத் தோன்றினும் அவசியமே.

உணவைப் பற்றிப் பலரும் பலவாறு பேசுவதால் ஒன்று மட்டும் குறிப்பிடுவோம். கேழ்வரகு சர்க்கரையை ஏற்றாது, எவ்வளவும் உண்ணலாம் என்ற நம்பிக்கை நம் ஊர்ப்புறங்களில் வேரூன்றியிருக்கிறது. மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிய கேழ்வரகும் சர்க்கரையை விரைவில் ஏற்றவே செய்யும். தானியத்தை மாற்றுவதோடு அளவையும் குறைத்து, காய்கறியும் பருப்பும் கூட்டுவதே முறை.

கைபேசியின் வழியாக வரும் தீமைகளையும் எச்சரிக்காமல் இருக்க முடியாது. "மாத்திரையை நிறுத்துங்கள், எங்கள் பொடி 30 நாளில் வேரோடு அகற்றும்" என்னும் காட்சிகள் நம் அங்கத்தினரின் கைபேசிகளில் நாள்தோறும் வந்து குவிகின்றன. ஒரு கைத்தறிச் சேலைக்குக் கிடைக்கும் கூலி அத்தனையும் ஒரு டப்பாப் பொடிக்குப் போனதை நாம் அறிவோம். மாத்திரையையோ இன்சுலினையோ கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை. செயலியின் வேலையன்று, அண்டை வீட்டாரின் வேலையுமன்று.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. அங்கத்தினரின் நோய் விவரம் அவருடைய சொந்தச் சொத்து. யாருக்குச் சர்க்கரை எவ்வளவு என்பது நிர்வாகக் குழுவின் பேச்சுப் பொருளாகவோ, பாவு ஒதுக்கீட்டுக்கும் கடன் அனுமதிக்கும் காரணமாகவோ ஆகிவிடக் கூடாது. தொண்டரின் கைபேசியில் உள்ளது அவரிடமும் சுகாதார நிலையத்திடமுமே இருக்கட்டும். சங்கம் தர வேண்டியவை ஒரு திண்ணை, ஒரு விசுபலகை, குடிநீர், அரை மணி நேரம், இவ்வளவே. இவ்வளவைக் கொடுப்பதற்கும் தீர்மானம் வேண்டும், நிதி ஒதுக்கீடு வேண்டும் என்று தயங்கிய சங்கங்களும் உண்டு. திண்ணைக்குத் தீர்மானம் எதற்கு என்பது நமக்கு விளங்கவில்லை.

மேற்சொன்ன சங்கத்தில் இப்போது பாவு வழங்கும் நாளன்று அத்தன்னார்வலர் கிடங்கின் முன் திண்ணையில் வந்து அமர்கிறார். தொடக்கத்தில் நாலைந்து பேரே அணுகினர். பெண்கள் எவரும் வரவில்லை. தார் சுற்றும் பெண்களுக்கு வேறு நேரம் குறித்தபின் அவர்களும் வரலாயினர். சோதனை முடிந்ததும் சற்று நேரம் உட்கார்ந்து பேசுகின்றனர். சங்கத்துத் தேநீரில் சர்க்கரையைத் தனியே வைப்பது என்பது அப்பேச்சில் பிறந்த முதல் ஏற்பாடு. பிளந்த மிதிகட்டைகளை மாற்றித் தருவது இரண்டாவது. அதற்குச் சங்கமே மரம் வாங்கிக் கொடுத்தது.

அந்த நெசவாளர் இப்போது ஒரு பாவை 32 நாட்களில் முடிக்கிறார். பழைய 25 நாட்களுக்கு அவர் இனித் திரும்ப மாட்டார். கூலிப் பதிவேட்டில் நாம் அன்று எழுதிய குறிப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. சென்ற ஆய்வின்போது அதன் கீழ், "விளக்கம் பெறப்பட்டது" என்று எழுதிக் கையொப்பமிட்டோம். உற்பத்தி தொடர்ந்து குறைந்து வரும் அங்கத்தினர் மேலும் மூவரின் பெயர்களை அதே ஏட்டிலிருந்து எடுத்து, அவர்கள் வீட்டுக்கு நோட்டீசு அனுப்பாமல், ஒருமுறை நேரில் சென்று விசாரித்து வருமாறு செயலாளரிடம் கேட்டுக்கொண்டோம்.